புகைப்பழக்கமும் நம் குடும்பங்களும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘கல்வியும் முன்னேற்றமும்’ என்பது. அத்தலைப்பில் பேசுதற்குரிய அறிஞர் பலர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, குழுவினரின் இசைவு பெற்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டு வந்துள்ளோம். அது புகைப்பழக்கம் பற்றியது. மங்கல விழாவில் இஃதென்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் அருள்கூர்ந்து இம்மலரின் முதற்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒற்றைக் குண்டு விளக்கும் நான்கு கோரைப் பாய்களும் கொண்டு இரவுப் பள்ளியைத் தொடங்கிய அறுவரின் படம் அங்கே இருக்கிறது. அவர்களுள் மூவர் இன்று நம்மிடையே இல்லை. மூவருமே அறுபது வயதைக் காணவில்லை. மூவருமே பீடி பிடித்தவர்கள். மூன்று சாவுக்கும் பீடிதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் மருத்துவர் அல்லோம். ஆனால், அந்த மூவரின் இருமலையும் இந்தத் தெருவே கேட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களை இழந்து நிற்கும் நாளில், அவர்களைப் பற்றிக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றி வாய் திறவாமல் போவது முறையன்று என்று எண்ணினோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். பீடியை வெறுத்துப் பேசும் தகுதி நம் குடும்பத்துக்கு முழுமையாக இல்லை. எங்கள் தாயார் பீடி சுற்றியே எங்களைப் படிக்க வைத்தார். மாலையில் இலையை நனைத்துச் சாக்கில் கட்டி வைப்பார். விடியலில் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிப்பார். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் நூற்கண்டு. நாளொன்றுக்கு ஆயிரம் பீடி என்பது கணக்கு. பள்ளி விட்டு வந்ததும் சுற்றிய பீடியின் நுனியை மடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. பெருக்கல் வாய்பாட்டை நாம் கற்றது பள்ளியில் அன்று. கட்டுகளை எண்ணித்தான் கற்றோம். தரகர் வந்து எடுத்துப் பார்ப்பார். இது தளர்வு, அது ஓட்டை என்று ஒரு பிடியைக் கழித்துவிடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் அதை அவர் விட்டுவிட்டும் போகமாட்டார். அந்தப் பணத்தில்தான் எங்கள் நோட்டுப் புத்தகங்கள் வந்தன. ஆகவே, பீடி சுற்றும் தாய்மார்களை நோக்கி இங்கே ஒரு சொல்லும் கடுமையாகச் சொல்ல மாட்டோம். அச்சம் வேண்டா.

எங்கள் தந்தையார் பண்ணை வேலைக்குச் சென்றவர். அவர் பீடி பிடித்ததன் காரணத்தை நாம் பின்னாளில்தான் உணர்ந்தோம். பகல் உணவு இல்லாத நாளில் இரண்டு பீடி பசியை அடக்கும். நிகோடின் என்னும் நஞ்சுக்குப் பசியை மந்தப்படுத்தும் தன்மை உண்டு என்பது மருத்துவ நூல்கள் கூறும் உண்மை. மற்றொன்றையும் கூற வேண்டும். நடவு வயலிலோ அறுப்புக் களத்திலோ சும்மா நின்றால் ஏச்சு விழும். பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றால் விழாது. புகைப்பவனுக்கு மட்டுமே ஓய்வு உண்டு என்றால் எவன்தான் புகைக்கமாட்டான்? தேநீர்க் கடையில் நமக்குத் தனிக்குவளை வைத்திருந்த ஊரில், பீடிக்கட்டு மட்டும் எந்த வேற்றுமையும் பாராது எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது. ஏழை புகைப்பதைக் கொழுப்பு என்று கூறும் கனவான்கள் இவற்றை எண்ணிப் பார்த்ததில்லை.

1981-இல் தந்தையாருக்கு மாலைதோறும் காய்ச்சலும் இருமலும் வந்தன. அரசு மருத்துவமனை ஒன்றில் காசநோய் என்றனர். ஊசியும் மாத்திரையும் ஓராண்டுக்கு மேல் தொடர வேண்டும் என்றனர். பீடியை விட்டுவிட வேண்டும் என்றும் கூறினர். கூறிய மருத்துவரின் மேசையில் சிகரெட் பெட்டி இருந்ததாகத் தந்தையார் வீட்டில் வந்து சிரித்தார். மூன்று மாதத்தில் காய்ச்சல் நின்றது. கூலி போய்விடுமே என்று மருந்தும் நின்றது. பீடி நிற்கவில்லை. 1983-இல் அவர் காலமானார். வயது 44. அப்போது நாம் ஒன்பதாம் வகுப்பு.

இனி இந்தப் புகையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். புகையிலை நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கப் பழங்குடி மக்கள் சடங்குக்கும் மருந்துக்கும் பயன்படுத்தி வந்த இலை அது. 1492-இல் கொலம்பசுடன் சென்றவர்கள் அதனைக் கண்டனர். போர்த்துகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிகோ என்பார் 1560-ஆம் ஆண்டளவில் அதனைத் தம் நாட்டு அரச குடும்பத்துக்கு அனுப்பினார். அவர் பெயரால்தான் நிகோடின் என்னும் பெயர் வந்தது. போர்த்துகீசியர் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். பீஜப்பூரிலிருந்து அக்பர் அரசவைக்கு அசத் பேக் என்பவர் புகைக்குழாயுடன் புகையிலையை எடுத்துச் சென்றதும், அரண்மனை மருத்துவர் தடுத்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. அவர் மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகைப்பதற்குத் தடை விதித்தார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-இலேயே புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார்; பின்னர் அதன்மீது வரி போட்டு வருவாயும் கண்டார். கண்டனமும் வரியும் ஒரே கையால் எழுதப்படுவது அன்று தொட்டு இன்றுவரை மாறவில்லை.

தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. ‘செரூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம் ‘சுருட்டு’ என்னும் சொல்லிலிருந்து போனது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து புகழ் பெற்றிருந்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் பழனி முருகனிடத்துப் புகையிலையைத் தூது விடுப்பதாகவே ஒரு நூல் பாடிவிட்டார். கிளி, அன்னம், மேகம் ஆகியவற்றைத் தூது விட்ட இலக்கியத்தில் புகையிலையும் இடம் பிடித்தது. புலவரைக் குறை கூறுவதற்கில்லை. அக்காலத்தில் எவர்க்கும் உண்மை தெரியாது.

ஆயினும், அக்காலப் புகை கையால் சுற்றியது, அளவுபட்டது. நிலைமையை மாற்றியது எந்திரம். 1880-இல் ஜேம்ஸ் பான்சாக் என்னும் அமெரிக்க இளைஞர் சிகரெட் சுற்றும் எந்திரத்தைக் கண்டார். கைத்தொழிலாளி நிமிடத்துக்கு நான்கு சுற்றிய இடத்தில் அது 200 சுற்றியது. அவ்வளவு சிகரெட்டையும் விற்றாக வேண்டுமே! ஆகவே விளம்பரம் வந்தது. முதல் உலகப் போரில் படை வீரருக்கு உணவோடு சிகரெட்டும் வழங்கினர். போர் முடிந்து திரும்பியவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தனர், சிகரெட்டை வைக்கவில்லை. அதற்கு முன்பு மருத்துவ மாணவர்கள் பார்ப்பதே அரிதாயிருந்த நுரையீரல் புற்றுநோய், இருபது முப்பது ஆண்டுகளில் மருத்துவமனைகளை நிரப்பத் தொடங்கியது.

காரணத்தைத் தேடி இலண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் இருவர் ஆராய்ந்தனர். சாலைக்குப் போடும் தாரும், மோட்டார் வண்டிப் புகையுமே காரணமாயிருக்கும் என்று டால் முதலில் நினைத்தார், அவரே புகைப்பவர். நோயாளிகளை ஒவ்வொருவராக விசாரித்தபோது வேறொன்று தெரிந்தது. 1950-இல் வெளியிட்ட முடிவில், நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களுள் புகைப்பழக்கமே இல்லாதவர் இருவர் மட்டுமே. டால் தம் சிகரெட்டை விட்டுவிட்டார். அடுத்து, 1951-இல் பிரிட்டன் நாட்டு மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி, அவர்களது பழக்கத்தைக் கேட்டு, அவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவு 2004-இல் வந்தது. வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தவர் புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தனர். ஒரு மனிதர் ஓர் ஆய்வைத் தொடங்கி ஐம்பதாண்டு கழித்து அதன் முடிவைத் தாமே எழுதினார் என்பது எந்த ஆசிரியரையும் வணங்கச் செய்யும் செய்தி.

சிகரெட் நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. 1954 சனவரியில் அமெரிக்க நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன; இன்னும் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். 1964-இல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெரி, புகைத்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்ட பின்னரும் அந்த வாதம் பல்லாண்டு நீடித்தது.

இவையெல்லாம் சீமைக் கதைகள். நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று இருக்கிறது. இவ்வுரையின் உயிர்நிலையே அதுதான். 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் கஜலட்சுமி அவர்களும் உடன் ஆய்வாளர்களும் சென்னை மாநகரிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் எதனால் இறந்தார், புகைத்தவரா என்று விசாரித்தனர். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டனர். 2003-இல் அம்முடிவு உலகறிய வெளிவந்தது. சீமையில் புகை புற்றுநோயாக வந்து கொல்கிறது. நம் நாட்டில் அது பெரிதும் காசநோயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கொல்கிறது. சென்னையில் நடுவயது ஆண்களுள் புகைத்தவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவரைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகை காரணம் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அதைப் படித்த நாளில் நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம். இருபது ஆண்டுகளாக எங்கள் தந்தையார் காசநோயால் இறந்தார் என்றுதான் சொல்லி வந்தோம்.

அஃது எப்படி நேர்கிறது? காசநோய்க் கிருமி நம் நாட்டில் பலர் உடலில் உறங்கிக் கிடக்கிறது. உடலின் காவல் வலுவாயிருக்கும்வரை அது எழுவதில்லை. மூச்சுக் குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் உண்டு. வாசலைப் பெருக்கும் துடைப்பம்போல அவை தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. நுரையீரலில் கிருமியை விழுங்கி அழிக்கும் அணுக்களையும் புகை தளர்த்துகிறது. காவற்காரன் மயங்கினால் உறங்கிய கிருமி எழுந்துவிடும். பசித்த உடலில் இன்னும் விரைவாக எழும். பீடி பசியை அடக்கியது என்றோமே. பசியை அடக்கி, அப்பசியால் இளைத்த உடலில் நோயையும் எழுப்பிவிட்டது.

இதில் சினமூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. காசநோயாளியை மலைப்பாங்கான மருத்துவ விடுதியில் சேர்க்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சி நடந்தது நம் சென்னையில்தான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் 1959-இல் அம்முடிவை வெளியிட்டது. உலகம் பயனடைந்தது. இரண்டு மாவட்டம் தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்கு, மருந்தை நடுவில் நிறுத்தினால் என்ன நேரும் என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை. இன்று நிலைமை வேறு. பொதுவாக ஆறு மாத மருந்து, இலவசம். சத்துணவுக்கு மாதந்தோறும் பணம் தரும் ஏற்பாடும் 2018 முதல் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குச் சென்றுவிடுங்கள். பீடி இருமல்தானே என்று தள்ளிப்போடுவதுதான் பெருந்தவறு.

மற்ற தீமைகளைச் சுருங்கச் சொல்வோம். புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் எழுபது அளவில் புற்றுநோய் விளைப்பவை. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பறித்துக்கொள்ளும். இதயம் அதற்காகக் கூடுதலாய் உழைக்கும். இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடும். மாரடைப்பு, பக்கவாதம், கால்விரல் கறுத்து அழுகுதல், மூச்சிரைப்பு நோய் எல்லாம் இவ்வழி வருவனவே. ஒற்றை அறை வீட்டில் ஒருவர் புகைத்தால் மனைவியும் மக்களும் சேர்ந்தே புகைக்கின்றனர். பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பும் காதுநோயும் வருகின்றன. வாயில் அடக்கும் புகையிலை வாய்ப்புற்று விளைப்பது; அது தனியே பேச வேண்டிய பொருள்.

சிகரெட்டுதான் கெடுதல், பீடி இயற்கை இலை, மிகச் சிறியது, தீங்கில்லை என்று நம்புவோர் நம்மிடையே மிகுதி. ஒரு பீடியில் சுமார் 0.2 கிராம் தூள்தான் உண்டு என்பது மெய். ஆனால் பீடி இலை வழியே காற்றுப் புகாது. ஆகவே அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழ்ந்து இழுக்க வேண்டும். அவ்வாறு இழுக்கையில் அந்தச் சிறு பீடி தாரையும் நச்சு வாயுவையும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல நேரம் மிகுதியாகவே, உள்ளே அனுப்புகிறது. நம் நாட்டில் 11 இலட்சம் வீடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. அதன்படி பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக ஆறாண்டும், பெண்கள் எட்டாண்டும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் பத்தாண்டும் வாழ்நாளை இழக்கின்றனர். நாளொன்றுக்கு ஏழு பீடிக்குள் பிடிப்பவர்க்கும் ஆபத்து உண்டு என்றே அவ்வாய்வு காட்டியது. ‘நான் நாளுக்கு நாலுதான்’ என்னும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். சிகரெட் பெட்டியில் ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்று அச்சிட வேண்டும் என 1975-இல் சட்டம் வந்தது. அச்சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமே; பீடிக்கு இல்லை. கற்றவன் புகைக்கும் பெட்டியில் எச்சரிக்கை இருந்தது. நம் தந்தையர் மடியில் கட்டியிருந்த பீடிக்கட்டில் 28 ஆண்டுகள் ஒன்றும் இல்லை. பீடியையும் உள்ளடக்கிய சட்டம் 2003-இல்தான் வந்தது. எழுத்தறியாதவரும் அறியும் வண்ணம் படத்தோடு கூடிய எச்சரிக்கை 2009-இல் வந்தது. 2016 முதல் அது பெட்டியின் 85 விழுக்காட்டை நிறைக்க வேண்டும் என்றாயிற்று. பொது இடத்தில் புகைத்தல் கூடாது. 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்றல் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் கடை கூடாது. இவையும் அச்சட்டத்தில் உள்ளன. நூறு கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். எங்கள் பள்ளி வாயிலிலிருந்து மாணவர்களையே நாடாவால் அளக்கச் செய்தோம். அவர்களுக்கு அளவியல் பாடமும் ஆயிற்று. கடைக்காரர் பீடித் தட்டை உள்ளே எடுத்து வைத்ததும் ஆயிற்று. ஆனால் சில்லறையாக ஒற்றைச் சிகரெட் வாங்குவோர்க்குப் பெட்டியின் படம் கண்ணில் படுவதே இல்லை.

பீடித் தொழிலாளர் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கென 1966-இல் பணிநிலைமைச் சட்டமும், 1976-இல் நலநிதிச் சட்டமும் வந்தன. அந்நிதிக்கு வழிசெய்த பீடித் தீர்வை 2017-இல் நின்றுபோயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் பீடித் தொழிலைத் தடை செய்த பட்டியலில் சேர்த்தது. ஆயின் குடும்பத்தோடு வீட்டில் செய்வதற்கு விலக்கு அளித்தது. எங்கள் முறத்தருகே நாங்கள் அமர்ந்திருந்த காட்சி அந்த விலக்குக்குள் அடங்கும். புகைக்காத பெண்ணுக்கும் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறுகிறது. பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளாவது முறத்தை விட்டு எழ வேண்டும் என்பதற்குத்தான் இச்சங்கம் மாலை வகுப்பை ஐந்தரை மணிக்கு வைத்தது. நுனி மடிக்கும் நேரம் அது. அந்த மூவருள் ஒருவர் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வருவார்; வழியெல்லாம் பீடி பிடித்துக்கொண்டே வருவார்.

இனி, இதுகாறும் மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறோம். தந்தையாரைப் புகைக்குப் பறிகொடுத்த நாமே பதினாறு ஆண்டுகள் புகைத்தோம். 1988-இல் கல்லூரி விடுதியில் தொடங்கினோம். பீடியைத் தொடவில்லை, சிகரெட். படித்தவன் என்பதற்கு அது அடையாளம் என்று எண்ணியிருந்தோம். திரையில் கதைத்தலைவர் சிகரெட்டை மேலே எறிந்து உதட்டால் பிடித்த காலம் அது. வகுப்பில் சுண்ணக்கட்டியை வைத்து அதைப் பழகிய மாணவர் பலர். ஆசிரியர் பணி கிடைத்த பின்னரும் பழக்கம் தொடர்ந்தது. இடைவேளையில் ஒரு மாணவனைக் கடைக்கு அனுப்புவோம். சுறுசுறுப்பான பிள்ளை, ஏழாம் வகுப்பு. சில்லறையைச் சரியாகக் கொண்டுவந்து கொடுப்பான். 2003-ஆம் ஆண்டு ஒரு நாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் புகைத்துக்கொண்டிருந்ததாகப் பிற மாணவர்கள் பிடித்து வந்தனர். பிரம்பை எடுத்தோம். ‘எங்கிருந்தடா வந்தது?’ என்றோம். அவன் அழவில்லை. ‘உங்களுக்கு வாங்கினதில ஒண்ணு எடுத்தேன், சார்’ என்றான்.

பிரம்பை வைத்துவிட்டோம். அன்றே சிகரெட்டையும் விட்டோம் என்று சொன்னால் கதை அழகாயிருக்கும், அது பொய். அன்று மாலையும் புகைத்தோம், பேருந்து நிலையத்தில், ஒருவரும் காணாதபடி. அடுத்த ஆண்டுதான் விட முடிந்தது. அதற்குள் மூன்று முறை விட்டு மூன்று முறையும் தோற்றோம். நிகோடின் பத்து விநாடி அளவில் மூளைக்குச் செல்வது. அங்கே பழகிய ஆட்சியை எளிதில் விடாது. முதல் மூன்று நாள்கள் கொடியவை. எரிச்சல், உறக்கமின்மை, கவனச் சிதறல். வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தோம். மூன்று நான்கு வாரங்களில் அவை தணிகின்றன. வேட்கை எழும்போது அது சில நிமிடங்களே நிற்கும். அந்நேரத்தைக் கடத்திவிட்டால் போதும். வறுத்த கடலையும் தண்ணீர்ச் செம்பும் நமக்கு உதவின. தேநீரை நிறுத்தியது அதைவிட உதவியது. ஏனெனில் தேநீரும் சிகரெட்டும் எமக்கு ஒன்றாகவே பழகியிருந்தன. இக்காலத்தில் நிகோடின் மெல்லும் பசையும் மாத்திரைகளும் கிடைக்கின்றன. மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். ஒரு முறை தோற்றவர் தம்மைக் கோழை என்று எண்ண வேண்டா. பெரும்பாலோர் பலமுறை முயன்றே விடுகின்றனர்.

விட்டால் என்ன பயன், வயதாகிவிட்டதே என்பார்க்கு டால் அவர்களின் கணக்கே விடை. அறுபதில் விட்டால் மூன்றாண்டும், ஐம்பதில் விட்டால் ஆறாண்டும், நாற்பதில் விட்டால் ஒன்பதாண்டும், முப்பதில் விட்டால் ஏறத்தாழப் பத்தாண்டும் திரும்பக் கிடைக்கின்றன. ஓராண்டு விட்டிருந்தால் புகையால் கூடிய மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைகிறது.

சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆசிரியரோ, தந்தையோ, சங்கப் பொறுப்பாளரோ எவராயினும் ஒரு பிள்ளையைப் பீடி, சிகரெட் வாங்கக் கடைக்கு அனுப்புதல் கூடாது என்று இச்சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். செலவில்லாத தீர்மானம். அடுத்து, நம் கூட்டங்களில் வெளியூர் விருந்தினர்க்குத் தாம்பூலத் தட்டில் சிகரெட் பெட்டி வைக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இன்று காலையும் ஒரு தட்டில் கண்டோம். அதை எடுத்துவிடச் சொன்னதற்காக நண்பர் நம்மீது வருத்தமாயிருக்கிறார். பின்னர் சமாதானம் செய்துகொள்வோம்.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் இன்று முப்பது வயதைக் கடந்தவர். பத்தாம் வகுப்புவரை படித்து, காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். அவருடைய மூத்த மகள் நம் மாலை வகுப்பில் படிக்கிறாள். நாம் விட்டுவிட்டோம், அவர் விடவில்லை. சென்ற மாதம் அவரைப் பார்த்தபோது, புகையை விடுவோர்க்கு உதவ அரசு நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை, 1800-11-2356, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பையில் சிகரெட் பெட்டியும் இருந்தது. ‘பார்க்கலாம், சார்’ என்றார். வரும் ஞாயிறன்று அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைப் பார்க்கச் செல்வதாக இருக்கிறோம். உடன் வர விரும்புவோர் காலை எட்டு மணிக்குச் சங்க வாயிலுக்கு வந்துவிடலாம்.